முரசுக்குள் ஒளிந்திருந்த கதை

ஈசூன் வெண்திரை: அத்தியாயம் 9

சென்ற வாரம் சோங் பாங் கிராமத்தில், சுல்தான் திரையரங்கின் வாசலில் நிறுத்தியிருந்தேன். லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங்குக்குச் சொந்தமான கொட்டகை அது. கேலாங்கில் காரிக் திரையரங்கையும் வைத்துக்கொண்டு, படங்களை வாங்கி விநியோகமும் செய்தவர் அவர். தகப்பனார் பெயர் ஊருக்கு வந்தது. நீ சூன் என்ற பெயரை மாண்டரின் உச்சரிப்பில் சொன்னால் ஈசூன். மகன் பெயர் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது. இந்த வாரம் கொட்டகைக்குள் போய் உட்காரலாம். திரையில் ஓடியவற்றில் எது மனத்தில் தங்கியது, எது தங்காமல் போனது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பேச வைத்தவள் என் தங்கை மகள். ஒன்பது வயது. ஈசூனில் அவர்கள் புளோக்கின் எட்டாவது மாடி வீட்டில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், 'லக்‌ஷ்மி' படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். 2018 ஆகஸ்டில் வந்த படம். ஏ.எல். விஜய் இயக்கியது. பிரபுதேவாவும் ஐஸ்வர்யா ராஜேஷும் நடித்திருந்தாலும் படத்தைத் தோளில் சுமந்தவள் தித்யா பாண்டே என்ற சிறுமி. ரிமோட் என் மருமகள் கையில் இருந்தது. ஆட்டம் வந்தால் கையை எடுத்துவிடுவாள். யாராவது பேச வாயைத் திறந்தால் ஒரு அழுத்து. அம்மா கோபிக்கிறாள், ஒரு அழுத்து. பள்ளிக்கூடம், ஒரு அழுத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய படம் முக்கால் மணியில் முடிந்துவிட்டது.

"கதை என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு பாப்பாவுக்கு டான்ஸ் பிடிக்கும் மாமா. அவங்க அம்மாவுக்குப் பிடிக்காது. திருட்டுத்தனமாப் போய்க் கத்துக்குவா. கடைசியில பெரிய போட்டி."

ஒரு பிழையும் இல்லை. பேச்சுக் காட்சிகளை எல்லாம் தாண்டிவிட்டுப் போனவள் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். தாண்டியதால் அவளுக்கு எந்த நட்டமும் இல்லை. எனக்கு அதுதான் சுருக்கென்று பட்டது. அந்தப் படத்தில் ஆடிய பிள்ளைகளின் உழைப்பு எனக்குத் தெரியும். தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் மாதக்கணக்கில் வியர்வை சிந்தி வந்தவர்கள். தித்யாவே இந்தியில் 'சூப்பர் டான்சர்' நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் வென்றவள். அந்த உடம்புகள் அத்தனை அழகாக ஆடும்போது, அவற்றைச் சுற்றி நிற்கும் கதையை ஒரு குழந்தை விரல்நுனியால் தள்ளிவிட முடிகிறது.

"ஆட்டம் பிரமாதம், கதைதான் இல்லை" என்று நடனப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருப்போம். நானும் எழுதியிருக்கிறேன். பிரபுதேவா காலத்தில் பிறந்த நோய் என்றுகூட நினைத்திருந்தேன். பழைய ஏடுகளைப் புரட்டப் புரட்ட அந்த நினைப்பு போய்விட்டது. வழி நேராக 1948க்கு, சென்னையில் ஜெமினி ஸ்டுடியோவுக்குப் போகிறது.

'மங்கம்மா சபதம்' 1943ல் வெற்றி பெற்ற சூட்டோடு எஸ்.எஸ். வாசன் அடுத்த படத்தை அறிவித்தார். பெயர் 'சந்திரலேகா'. விளம்பரமும் வந்துவிட்டது. கையில் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். துணிச்சலான ஒரு பெண்ணின் கதையாக இருக்க வேண்டும் என்பதைத் தாண்டி வேறு எதுவும் முடிவாகவில்லை. ஜெமினியின் கதை இலாகாவில் கே.ஜே. மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்பிரமணியம், நைனா, வேப்பத்தூர் கிட்டு என்று பழுத்த ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து உருட்டிய எதுவும் வாசனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கிட்டு ஒரு பழைய ஆங்கில நாவலில் பிடி கண்டுபிடித்தார். ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ் எழுதிய 'ராபர்ட் மக்கேர்'. அதிலிருந்த ஒரு பகுதியைத் தூண்டுகோலாக வைத்து, இரண்டு இளவரசர்கள், ஒரு சிம்மாசனம், நடுவில் ஒரு நாட்டியக்காரி என்று கதை கட்டினார்கள்.

அதாவது பெயர் முதலில், விளம்பரம் இரண்டாவது, கதை மூன்றாவது. படத்தை இயக்கத் தொடங்கிய டி.ஜி. ராகவாச்சாரி பாதியில் விலக, வாசன் தானே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுதான் அவர் இயக்கிய முதல் படம். சர்க்கஸ் வேண்டும் என்று தோன்றியது, கதைக்குள் சர்க்கஸ் வந்தது. படம் முடிய ஐந்து வருடம் ஆயிற்று. செலவு 30 லட்சம் ரூபாய் என்பார்கள். அந்த நாளில் நாலைந்து பெரிய படங்களை எடுத்துவிடக்கூடிய பணம். சொத்தை அடகு வைத்துத்தான் வாசன் கரை சேர்ந்தார். 1948 ஏப்ரல் 9 அன்று தமிழில் வெளிவந்தது.

அதில் முரசு நடனம். பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரண்மனை முற்றம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் முரசுகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் தலையிலும் பெண்கள். கால் வைக்கும் தோல்தான் மேடை, அதுவேதான் தாளம். 400 பேர், ஆறு மாதப் பயிற்சி, இந்த ஒரு காட்சிக்கு மட்டும் 5 லட்சம் என்று சொல்லப்படுகிறது. ஏ.கே. சேகரின் அரங்க அமைப்பு, கமால் கோஷின் ஒளிப்பதிவு. காமிரா மேலிருந்து பார்க்கும்போது முரசுகள் கோலப் புள்ளிகள்போல் தெரிகின்றன. அமெரிக்காவில் பஸ்பி பெர்க்லி 1933ல் '42வது தெரு' போன்ற படங்களில் நடனப் பெண்களை மேலிருந்து படமெடுத்துப் பூவாகவும் சக்கரமாகவும் ஆக்கிக் காட்டினார். வாசனின் ஆட்கள் அவற்றை எல்லாம் பார்த்திருப்பார்கள். ஆனால் பெர்க்லியின் பூ விரிந்து சுருங்கியதும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும், நடுவில் எதுவும் நடந்திருக்காது. முரசு நடனம் முடியும்போது முரசுகள் பிளக்கின்றன. உள்ளேயிருந்து வாளோடு வீரர்கள் குதிக்கிறார்கள். ஆட்சியைப் பறித்த இளவரசன் சசாங்கன் தன் கல்யாணக் கொண்டாட்டம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தது தனக்கு விரித்த வலை. சந்திரலேகா கல்யாணத்துக்குச் சம்மதித்ததே இந்த ஆட்டத்தைக் கேட்டு வாங்கத்தான்.

ஆகக் கதையே இல்லாமல் தொடங்கிய படத்தில், மிக ஆடம்பரமான காட்சிதான் கதையின் முடிச்சு. அந்த நடனத்தை ரிமோட்டில் தாண்டினால் கதை புரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் 'சந்திரலேகா'வைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மற்றபடி படத்தில் தொய்வு நிறைய. சர்க்கஸ் பகுதி நீண்டுகொண்டே போகும். இளவரசர்கள் இரண்டு பேரின் மனமும் கடைசிவரை நமக்குத் திறப்பதில்லை. ஆனாலும் அந்த முரசுகளுக்குள் ஆள் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சசாங்கனாக நடித்த ரஞ்சன் நாட்டியம் படித்த மனிதர். 'நாட்டியம்' என்றே பெயர் வைத்து ஒரு பத்திரிகை நடத்தியவர். படப்பிடிப்பில் இருந்தவர்களில் ஆட்டத்தின் இலக்கணம் நன்கு தெரிந்த ஒருவர், அந்தக் காட்சியில் ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

அதே ஜெமினியில், அதே வருடங்களில், இன்னொரு நடனப் படமும் உருவாகிக்கொண்டிருந்தது. உதய் சங்கரின் 'கல்பனா'. அல்மோராவில் தான் நடத்திய கலைக்கூடத்தின் கனவைத் திரையில் ஏற்றிவைக்க வந்தவர் அவர். கே. ராம்நாத் ஒளிப்பதிவு. லலிதா, பத்மினி சகோதரிகள் சின்னப் பெண்களாக அதில் தலைகாட்டினார்கள். 80க்கும் மேற்பட்ட நடனங்கள். ஒன்று முடியுமுன் இன்னொன்று. தொழிற்சாலை இயந்திரத்தையும் நடனமாக்கினார், பணத்தாசையையும் நடனமாக்கினார். சினிமாவில் நடனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட உயரமான எல்லைக்கல் இந்தியாவில் நடப்படவில்லை. 1948ல் வெளிவந்து, வசூலில் விழுந்தது. அறுபது வருடங்களுக்குப் பிறகு படச்சுருளைச் செப்பனிட்டு 2012ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அந்தப் பதிப்பைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: ஒவ்வொரு நடனமும் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நமக்கு ஒரு கை கிடைப்பதில்லை. வாசன் அந்தக் கையை நீட்டத் தெரிந்த வியாபாரி. 'கல்பனா'வின் படப்பிடிப்பைப் பார்த்துத்தான் அவருக்கு முரசு நடன ஆசை வந்தது என்று சொல்வாரும் உண்டு.

அதே 1948ல் இங்கிலாந்தில் பவலும் பிரஸ்பர்கரும் 'சிவப்புக் காலணிகள்' எடுத்தார்கள். நடுவில் ஏறக்குறைய 17 நிமிடம் ஒரு பாலே. அந்தப் பாலேயில் ஆடும் பெண்ணின் தலையெழுத்து அப்படியே படத்தின் முடிவில் அவளுக்கு நடக்கிறது. ஒரே வருடத்தில் மூன்று படங்கள், மூன்று வழிகள்.

இதெல்லாம் சென்னையிலும் லண்டனிலும் நடந்த சங்கதி. ஈசூனுக்கு என்ன வந்தது?

வாசன் ஏன் அத்தனை பணத்தை ஆட்டத்தில் கொட்டினார் என்று யோசித்தால் பதில் இங்கே வந்து சேரும். அவருக்குத் தமிழ்நாடு போதவில்லை. அதே வருடம் டிசம்பரில் 'சந்திரலேகா'வை இந்தியில் கொண்டுபோனார். 600க்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டதாகச் சொல்வார்கள். வசனம் விந்தியமலையைத் தாண்டாது, முரசு தாண்டும். மொழி தெரியாத கூட்டத்துக்கு முன்னால் படம் போடுகிறவனுக்கு ஆட்டம்தான் மூலதனம். அப்படிப்பட்ட கூட்டத்தைச் சோங் பாங்கைவிட நன்றாக வேறெங்கே பார்க்க முடியும்? பக்கத்தில் செம்பவாங் கடற்படைத் தளம். தமிழர், மலையாளிகள், மலாய்க்காரர், சீனர் என்று அத்தனை பேரும் ஒரே தளத்தில் வேலை செய்து, ஒரே கிராமத்தில் சாமான் வாங்கி, ஒரே கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

அப்பா அறுபதுகளில் அந்தத் தளத்தில் சாயம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னால் அது செம்பவாங் கப்பல்பட்டறை ஆனபோதும் அங்கேயே இருந்தார். கொட்டகை நாட்களைப் பற்றிக் கேட்டால் படத்தைவிட முன்வரிசை மனிதரைப் பற்றித்தான் சொல்வார். வாசலில் கச்சாங் பூத்தே விற்பவரிடம் ஒரு கூம்பு வாங்கிக்கொண்டு வருவாராம் அந்த மலாய்க்காரர். பழைய நோட்டுத் தாளைச் சுருட்டிச் செய்த கூம்பு. உள்ளே வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு. "வசனம் பேசினா கடிச்சுக்கிட்டே இருப்பார். கறுக் முறுக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆட்டம் தொடங்கினா சத்தம் நின்னுடும். அப்பத்தான் எனக்கே தெரியும், இப்ப நல்லா ஆடுறாங்கன்னு."

அந்த மனிதருக்கு இந்த இலக்கணம் புதிதும் அல்ல. ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் ஸ்டுடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியவர்கள் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் என்று இந்தியக் கைகள்தான். பி. ராம்லியை 1950ல் 'பக்தி'யில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். ஆடலும் பாடலும் இல்லாமல் படம் எடுக்க இவர்களுக்குப் பழக்கமில்லை. ஜோகெட் ஆடும் அரங்கு, அரசவை, கல்யாண வீடு என்று எங்காவது ஓரிடத்தில் கதை மூச்சு வாங்க நிற்கும், இசை எழும். தமிழ்ப் படத்துக்கு வந்த மலாய்க்காரருக்கும் மலாய்ப் படத்துக்குப் போன தமிழருக்கும் அந்த இடம் பொதுவாக இருந்தது.

கதை மூச்சு வாங்க நின்ற அந்த இடம், மெல்ல மெல்லப் படத்தையே விழுங்கத் தொடங்கியதற்குச் சாட்சி 1958ல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. மறுபடியும் ஜெமினி, மறுபடியும் வாசன் இயக்கம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடும் போட்டி. நடனம் அமைத்தவர் ஹீராலால். சி. ராமச்சந்திரா இசையில் பி. லீலாவும் ஜிக்கியும் குரல் கொடுத்தார்கள். பி.எஸ். வீரப்பா போட்டியைப் பார்த்துச் சொல்லும் அந்த மூன்று வார்த்தைகள் இன்று பட்டிமன்றத்திலிருந்து காற்பந்துத் திடல்வரை புழங்குகின்றன. சரி, அந்தப் படத்தின் கதை என்ன? அறுபதைக் கடந்த ஏழெட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். போட்டியை அடிக்கு அடி சொன்னார்கள். ஒருவர் எழுந்து ஆடியே காட்டினார். கதையை மூன்று வாக்கியத்துக்கு மேல் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அப்பாவும் அதில் சேர்த்தி.

இந்த வரலாற்றில் என்னை அசைத்துவிட்ட செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தப் படத்தின் வசனம் கொத்தமங்கலம் சுப்பு. 'சந்திரலேகா'வுக்குக் கதை தேடி மண்டையை உடைத்துக்கொண்ட அதே சுப்பு. வாசனின் பக்கத்தில் இருந்து, பிரம்மாண்டம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அடுப்படியிலேயே நின்று பார்த்தவர். அவர் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வேலை நடந்த அதே காலத்தில், வாசனுடைய ஆனந்த விகடனிலேயே, 'கலைமணி' என்ற புனைபெயரில் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கோபுலு படம் போட்டார். அதுதான் 'தில்லானா மோகனாம்பாள்'. ஒரு நாயனக்காரர், ஒரு நாட்டியக்காரி, அவர்களுக்கு நடுவில் ஒரு போட்டி. ஸ்டுடியோவில் போட்டியைக் காட்சியாகக் கட்டியவர், வீட்டுக்குப் போய் அதே போட்டியை மனிதர்களாக எழுதியிருக்கிறார். சுப்பு அப்படித் திட்டம் போட்டுச் செய்தாரா என்பதற்குள் நான் போகவில்லை. இரண்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தன, அவ்வளவு போதும்.

ஏ.பி. நாகராஜன் 1968ல் அதைப் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, மோகனாவாக அதே பத்மினி. நாதஸ்வரத்துக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கோயிலில் மோகனா ஆடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தூணுக்குப் பின்னால் சண்முகசுந்தரம் மறைந்து நின்று பார்க்கிறார். நேரில் வந்து உட்காரக் கௌரவம் தடுக்கிறது, வராமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அங்கே நிற்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சபைக்குத் தெரிவது கடவுளைப் பற்றிய பதம். அவளுடைய கண் போகும் இடம் தூண். இத்தனைக்கும் முரசு இல்லை, 400 பேர் இல்லை. பத்து வருடம் முன்பு போட்டியில் கால் பம்பரமாகச் சுழன்ற அதே பத்மினி, இங்கே கண்ணோரத்தால் செய்கிற வேலை அதைவிடக் கடினம். அந்தக் காட்சி முடியும்போது இரண்டு பேரும் காட்சிக்கு முன்னால் இருந்த இடத்தில் இல்லை.

எழுபதுகளை விட்டுவிடுகிறேன். 1983ல் கே. விஸ்வநாத்தின் 'சலங்கை ஒலி'. கிணற்று விளிம்பில் குடித்துவிட்டு ஆடும் கமலைப் பார்த்து அழாதவர் உண்டா? அந்த ஆட்டத்தில் அடவு சுத்தம் பார்க்க யாருக்கும் தோன்றாது. விழுந்துவிடக்கூடாதே என்று மட்டும்தான் தோன்றும். நடனப் படம் என்பதற்கு அதற்கு மேல் என்னால் உதாரணம் தர முடியாது.

பிறகு 1994, 'காதலன்'. ஷங்கர், ஏ.ஆர். ரகுமான், பிரபுதேவா. 'முக்காலா' பாட்டில் ஓரிடத்தில் பிரபுதேவாவின் உடம்பு மறைந்துவிடும். தொப்பியும் உடுப்பும் சப்பாத்தும் மட்டும் ஆடும். அன்றைக்கு வாயைப் பிளந்து பார்த்தோம். வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவை அந்த இடத்திலேயே திருப்பித் திருப்பி ஓட்டி, நாடா தேய்ந்து கடைக்காரரிடம் பேச்சு வாங்கினேன். அந்த வயதில் அதற்குள் ஆள் இல்லை என்பது ஒரு குறையாகவே படவில்லை. பிரபுதேவா போன்ற ஒரு உடம்பு நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரும். அந்த உடம்புக்குத் தகுந்த கதையைத் தமிழ் சினிமா அவருக்கு ஒரு தடவையாவது எழுதிக் கொடுத்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மனக்கசப்போடுதான் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஈசூனில் இன்னொன்று நடந்திருந்தது. 1992 மே 28 அன்று ஈசூன் 10 திறந்தது. ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்டும் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோவும் சேர்ந்து கட்டிய கோல்டன் வில்லேஜ் அரங்கம். ஒரே கூரையின் கீழ் பத்துத் திரை. சிங்கப்பூரின் முதல் பல்திரை அரங்கம் ஆர்ச்சர்ட் சாலையில் வரவில்லை, தேக்காவிலும் வரவில்லை, ரப்பர் தோட்டமாக இருந்த நம் வடக்கு மூலையில் வந்தது. அதற்குள் சோங் பாங் கம்போங் கலைந்துவிட்டது. அந்தப் பெயர் அடுக்குமாடிப் பேட்டைக்கு மாறிவிட்டது. கொட்டகைக் காலத்து ஜனங்களும் அந்தப் புளோக்குகளுக்குக் குடிவந்துவிட்டார்கள்.

பத்துத் திரை வந்ததும் கூட்டம் பத்தாகப் பிரிந்தது. தமிழ்ப் படம் ஒரு அறையில், சீனப் படம் ஒரு அறையில், ஆங்கிலப் படம் மூன்று அறையில். வசனத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. கச்சாங் பூத்தேக்காரருக்குப் பதில் பாப்கார்ன் மேசை. அப்பாவின் முன்வரிசை மலாய்க்காரர் இப்போது வேறு அறையில் வேறு படம் பார்க்கிறார். மொழி தெரியாதவர்களுக்காக ஆட்டம் பாலம் போட வேண்டிய தேவை அந்தக் கட்டடத்துக்குள் குறைந்துபோனது. தேவை குறைந்ததால் ஆட்டம் சிறுக்கவில்லை, இன்னும் பெருத்தது. காரணம், ஆட்டத்துக்கு வேறொரு வீடு கிடைத்துவிட்டது. தொலைக்காட்சி.

நடனப் போட்டி நிகழ்ச்சியின் அச்சு நமக்கு மனப்பாடம். மேடை, ஒளி, மூன்று நிமிட ஆட்டம், நடுவர்கள், கண்ணீர், அடுத்த சுற்று. அதில் கதை என்பது ஆடுவதற்கு முன்னால் காட்டும் ஒரு நிமிடத் துண்டுப்படம்: ஏழை வீடு, அம்மாவின் தியாகம், காலில் பட்ட காயம். அந்த அச்சு அப்படியே பெரிய திரைக்கு இடம் பெயர்ந்தது. அமெரிக்காவில் 2006ல் தொடங்கிய 'ஸ்டெப் அப்' வரிசை ஒரு பக்கம். ரெமோ டிசூசா 2013ல் எடுத்த 'ஏபிசிடி' இன்னொரு பக்கம். முப்பரிமாணத்தில் வந்த அந்தப் படம் தமிழில் 'ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்' என்ற பெயரோடு நம்மிடமும் வந்தது. அதிலும் பிரபுதேவாதான் ஆசான். ஆடுபவர்களில் பலர் தொலைக்காட்சி மேடையில் பெயர் எடுத்தவர்கள். 'லக்‌ஷ்மி'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான். போட்டி என்று ஒன்றை வைத்துவிட்டால் கதைக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. யார் ஜெயிப்பார் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். வேறு எந்தத் திசையிலும் அது நகர முடியாது. மோகனாவின் போட்டியில் நாம் பயந்தது யார் தோற்பார் என்பதற்காக அல்ல, தோற்றால் அந்த மனிதர் நாயனத்தையே தொடாமல் போய்விடுவாரே என்பதற்காக.

ஆட்டத்தின் மேல் பழி போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. நம் ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1952ல் இங்கே வந்து நடனப் பள்ளி தொடங்கினார் கே.பி. பாஸ்கர். அவருடைய துணைவியார் சாந்தா பாஸ்கர், வந்த சில வருடங்களுக்குள், 1958ல் ஒரு சீனக் காதல் கதையைப் பரதநாட்டியமாக்கி மேடையேற்றினார். வண்ணத்துப்பூச்சிகளாக மாறும் லியாங், சூ என்ற காதலர்களின் கதை. சீனப் பார்வையாளருக்கு முத்திரை தெரியாது, தமிழருக்கு அந்தக் கதை தெரியாது. ஆளுக்கொரு பாதி தெரிந்தவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து முழுதும் புரிந்துகொண்டார்கள். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வந்த அதே வருடம். அந்த அம்மையாருக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. 2022ல் அவர் மறைந்தபோது இதைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

என் மருமகளின் ஆட்டத்தையும் நான் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறேன். தீபாவளி நெருங்கினால் அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். சமூக மன்ற நிகழ்ச்சிக்கான ஒத்திகை. தூணில் சாய்த்துவைத்த கைத்தொலைபேசியில் பாட்டு ஓடும். தரைச் சதுரக் கற்களில் ஆளுக்கு ஒரு கல், அதுதான் அவரவர் இடம். யாராவது சைக்கிளில் வந்தால் ஆட்டம் பிரிந்து வழி விடும், போனதும் அதே தாளத்தில் மூடிக்கொள்ளும். ஒரு மலாய்ச் சிறுமியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பாட்டின் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது, அடி ஒன்றும் தப்பாது. அப்பா அங்கே கல்மேசையில் உட்கார்ந்து கோப்பியை ஆற்றிக்கொண்டே பார்ப்பார்.

அப்படி ஒரு மாலை மேலே வந்த பிறகுதான் அப்பா கேட்டார், அந்த முரசு ஆட்டத்தைப் பிள்ளைக்குக் காட்டினாயா என்று. யூடியூபில் போட்டேன். கறுப்பு வெள்ளை என்றதும் மருமகள் முகம் சுருங்கியது. ரிமோட்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணுக்கு அந்த ஆளைக் கட்டிக்க இஷ்டம் இல்ல" என்றார் அப்பா. "ஆனா கட்டிக்கிறேன்னு சொல்லிட்டா. அதுக்கு முன்னால ஒரு ஆட்டம் வேணும்னு கேட்டிருக்கா."

"ஏன் தாத்தா?"

"பாரேன்."

முரசுகள் வந்தன. அவள் எண்ணத் தொடங்கினாள், எண்ணிக்கை தப்பியது, மறுபடி எண்ணினாள். மேலே ஆடும் பெண்களைப் பார்த்து, "விழுந்துட மாட்டாங்களா?" என்றாள். பிறகு பேசவில்லை. முரசுகள் பிளந்து ஆட்கள் குதித்தபோது சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள்.

"உள்ளே இருந்தாங்களா? இவ்வளவு நேரமும் உள்ளேயா இருந்தாங்க?"

"ஆமா."

"எப்போ தாத்தா உள்ளே போனாங்க?"

அப்பா சிரித்துக்கொண்டு கோப்பியை எடுத்தார். அவள் ரிமோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்னால் ஓட்டினாள். ஆட்டம் தலைகீழாக ஓடி முரசுகள் காலியாயின. அவள் நிறுத்தவில்லை. அதற்கும் முன்னால், அரண்மனைக்குள் யார் யாரோ பேசிக்கொள்ளும் இடத்துக்குப் போய் நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.